கையில் இருந்த பியூஸ் கட்டை

மொட்டைமாடியில் நின்ற பெரிய விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே தோள்வரை கையை நுழைத்துக் கிடந்தான் ஊசி. உள்ளே ஒரு புறா செத்து மூன்று நாளாகியிருந்தது. நாற்றம் கீழே மண்டபம்வரை இறங்கியிருந்தது. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"இருக்கா?" என்று கத்தினான்.

"இருக்கு" என்றாள் அவன் மனைவி.

அவள் கைக்குள் இருந்தது பீங்கான் பியூஸ் கட்டை. பதினோரு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் விசிறிகளைச் சுத்தம் செய்கிறார்கள். உள்ளே கை வைக்குமுன் அவன் மின்பெட்டியிலிருந்து கட்டையைப் பிடுங்கி அவளிடம் கொடுப்பான்; அது இல்லாமல் விசிறி சுற்றாது. அவன் வெளியே வரும்வரை தும்மலே வந்தாலும் அவள் கை பிரியாது.

"பொண்டாட்டிய நம்பி உசுர குடுத்துட்டுக் கெடக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

"நேத்து போட்ட சண்டைக்கு இப்பவே சொருகியிருக்கணும். வாய மூடிட்டுப் புறாவ எடு."

பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடம் அது. ஏசி கிடையாது. மண்ணுக்கடியில் போகும் குழாய்களில் குளிர்ந்த காற்று மண்டபத்துக்குள் வரும். சூட்டை இந்த விசிறி இழுத்து வெளியே தள்ளும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கட்டடம் என்று இன்று அதற்கு விருது. விருந்தாளிகள் வருமுன் நாற்றம் போக வேண்டுமென்று சூப்பர்வைசர் காலில் வெந்நீர் கொட்டியவர்போல் ஓடிக்கொண்டிருந்தார். "சீக்கிரம்" என்று ஆறு தடவை சொன்னார். சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கீழே மண்டபம் நிரம்பியது. காற்று கெட்டால் விசிறியைத் தானாக ஓட்டிவிடும் கருவி சுவரில் இருந்தது; நானூறு பேர் விட்ட மூச்சை அது மோப்பம் பிடித்தது.

"இருக்கா?"

"இருக்குய்யா, எத்தன தடவ..."

விசிறி சுற்றியது.

எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. புறாவின் இறகும் ரத்தமும் அவள் முகத்தில் அறைந்தன. விசிறி ஊசியைத் தூக்கித் தரையில் எறிந்தது. வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"கையிலதானே இருக்கு! என் கையிலதானே இருக்கு!" என்று அவள் அலறினாள்.

ஓடிவந்த சூப்பர்வைசர் பெட்டிக்குப் பின்னால் பார்க்காமலே கையை விட்டு ஒரு ஸ்விட்சை அணைத்தார். "சோலார் பேட்டரி லைன். பியூஸ எடுத்தா தானா அதுக்கு மாறிக்கும்" என்று முணுமுணுத்தார்.

"இத முன்னாடி சொல்றதுக்கென்னய்யா, பாவி!"

தலைத்துணியால் அவன் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். துணி நொடியில் நனைந்தது. காவலாளிகள் நாலு பேர் வந்தார்கள். இருவர் ஊசியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"அந்தக் கட்டையக் குடும்மா" என்றார் சூப்பர்வைசர்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் தாடையில் வீசினாள். இரண்டு பற்கள் தெறித்தன. மற்ற இரு காவலாளிகளும் அவளைக் கவிழ்த்துக் கொதிக்கும் தளத்தில் முகத்தை அழுத்தினார்கள். ஒருவன் மணிக்கட்டைக் கடித்துச் சதையைத் துப்பினாள்.

"விட்டுடுக்கா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று அழுதுகொண்டே அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரல் பிரியவில்லை. ஒடிந்தது.

சூப்பர்வைசர் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கட்டையைப் பெட்டியில் பழையபடி சொருகினார். "பியூஸ எடுக்காமலே கைய விட்டுட்டான். பாத்தீங்கல்ல?"

காவலாளிகள் அவர் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தூக்கி நிறுத்திக் கீழே அழைத்துப்போனார்கள்.

கீழே வேனில் ஊசியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். மண்டபத்தின் திறந்த ஜன்னல்கள் வழியே யாரோ மைக்கில் கட்டடத்தைப் புகழ்வது கேட்டது. ஊசி கண்ணைத் திறக்காமல் உதட்டை அசைத்தான்.

"இருக்கா?"

அவள் கையை விரித்தாள். கட்டை அழுந்திய இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டும் இருந்தன.

"இருக்கு" என்றாள்.

மேலே விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது. மண்டபத்தில் கைதட்டினார்கள்.