ஒன்பதாவது கேமரா

பரவை மார்க்கெட்டை ஒட்டிய வெங்காயக் குடோனுக்குள் கனகா லேப்டாப்போடு நுழைந்தாள். பதினெட்டு நாளுக்கு முன்னால் அவள் புருஷன் சிவபாண்டியின் வலது கால் இங்கேதான் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போனது. ஓட்டியவன் முதலாளி ஜெயபாண்டியின் மகன் விக்ரம்.

“குடிச்சுட்டு வண்டிக்குப் பின்னால கெடந்தான். அந்தப் பக்கத்துக் கேமரா ரிப்பேரு” என்று போலீஸில் சொல்லியிருந்தார் ஜெயபாண்டி. சிவபாண்டி குடிக்கிற ஆளே இல்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால், கேமரா கம்பெனி அனுப்பிய இந்தப் பெண் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

“எவனோ என் குடோனை செல்லுல உக்காந்து பாக்குறானாம்மா. எட்டுக் கேமராவையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிக் குடு” என்றார் ஜெயபாண்டி.

குடோன் வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று கனகா தேடவிட்டாள். கேமராக்கள் திரையில் வரிசை கட்டின. எண்ணினாள். ஒன்பது.

“ஒண்ணு கூடுதலா வருதேண்ணே.”

“லாரி நிக்கிற எடத்துலயா? அது செத்துருச்சு. விக்ரம்தான் ரெக்கார்டர்ல இருந்து தூக்கிட்டான்.”

ரெக்கார்டரிலிருந்து மட்டும்தான் தூக்கியிருந்தான். வயரைக் கழற்றவில்லை. பாஸ்வேர்டும் கம்பெனியில் வைத்து அனுப்பிய அதே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கேமராவுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டு; அதில் ஒரு மாதப் பதிவு.

பதினெட்டு நாள் பின்னால் போனாள். சிவபாண்டி நிமிர்ந்து நின்று லாரியைப் பின்னால் வரச் சொல்கிறான். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குகிறான். விக்ரம் காதில் செல்லோடு சிரித்துக்கொண்டே லாரியை ரிவர்ஸில் விடுகிறான். அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

தல்லாகுளத்து வக்கீல் ரோகிணிக்கு அதை அனுப்பினாள். ‘வந்துருச்சு’ என்று பதில் வந்த பிறகே ஒன்பது கேமராவுக்கும் புதுப் பாஸ்வேர்ட் போட்டாள்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுதுண்ணே. இனிமே ஒருத்தனும் நுழைய முடியாது. நீங்களும்தான்.” லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி ஓடவிட்டாள். “நான் சிவபாண்டி பொஞ்சாதி.”

ஜெயபாண்டி பார்த்தார். முழுசும் பார்த்தார்.

“டேய் விக்ரமு, ஏணிய எடுத்துட்டு வா. அந்தக் கருமத்தப் பிடுங்கு.”

விக்ரம் நாலு படி ஏறிவிட்டான்.

“நிதானமா பிடுங்குங்க தம்பி” என்றாள் கனகா. “நீங்க பிடுங்குறத மத்த எட்டும் எடுத்துக்கிட்டு இருக்கு. அதையும் சேத்தே கோர்ட்டுல காட்டுவோம்.”

விக்ரம் அப்பனைப் பார்த்தான். அப்பன் தலையைத் தூக்கி ஒவ்வொரு கேமராவாகப் பார்த்தார்.

கனகா போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆடாது. ஏறுங்க.”