தப்பா எதுவும் யோசிக்கலையே

வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை, எனக்குச் செத்துப்போகத் தோன்றும். மற்ற நேரமெல்லாம் நான் துணி தைக்கிறவள், குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருக்கிறேன். மனநலப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையத்தில் நோயாளியாக நடிப்பது என் இன்னொரு வேலை. படிக்க வருகிறவர்கள் நிஜமான நோயாளியிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து தப்புத் தப்பாகப் பேசிப் பழகிக்கொள்ள வேண்டும்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு தாள் உண்டு. தூக்கம் இல்லை, பசி இல்லை, ஒரே மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். தாளின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு விதி இருக்கும். செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். கேட்காவிட்டால் நானாக அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

இந்த ஒரு இடத்தில்தான் பாதிப் பேர் கவிழ்வார்கள். அரை மணி நேரம் அழகாகப் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்பார்கள். இல்லைன்னு சொல்லிடு தாயே என்ற கெஞ்சல் அந்தக் கேள்வியிலேயே இருக்கும். நானும் "சேச்சே, அதெல்லாம் இல்லைங்க" என்பேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதிப்பெண் போட மூலையில் உட்கார்ந்திருக்கிற டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவள், நிதானமாகச் சொல்வாள்: "இல்லைங்கற பதிலை நீங்களே கையில குடுத்துட்டுக் கேக்கறீங்க. அவங்க அதையே திருப்பிக் குடுத்துடறாங்க."

இந்த வருஷத்து வகுப்பில் கண்டக்டர் என்று ஒருவர் இருந்தார். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். மெஷின் வந்து வேலை போனதும் இந்த ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தார். நல்ல பருமன். டீ நேரத்தில் வராண்டாவில் கூட்டம் சேர்ந்தால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியா இருக்கு" என்று குரல் கொடுப்பார். வகுப்பே அவர்மேல் உயிராக இருந்தது. நானும்தான், எனக்கென்ன வெட்கம்.

இந்த வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் அவ்வளவு நன்றாகக் காது கொடுக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. நாற்காலியை எனக்கு நேர் எதிரே போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போடுவார். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். நான் அழ ஆரம்பித்தால் டிஷ்யூ பெட்டியை எடுத்துக் கையில் திணிக்காமல், எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தி வைப்பார். நடிக்க வந்த எனக்கே நிஜமாக இரண்டு வார்த்தை பேசலாமே என்றிருக்கும். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நெற்றி வியர்க்கும்.

முதல் பரீட்சையில், "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்றார். போச்சு.

இரண்டாவது பரீட்சையில் நான்கு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "எங்கயாவது கிளம்பிப் போயிடலாம்னு தோணுதாங்க?" என்றார். "எங்க போறது?" என்றேன். அவர் திணறிப்போய், "டூர் மாதிரி" என்றார். டீச்சர் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் குனிந்துகொண்டாள்.

மொத்தம் மூன்று வாய்ப்புதான். மூன்றாவது மறுநாளே இருந்தது. அதிலும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"ஏங்க, மத்ததெல்லாம் பூ மாதிரி பண்றீங்க. ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல வாய் வலிக்குதா?"

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "வீட்ல தம்பி இருக்கான்க்கா" என்றார்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவராம். கைவேலையில் சூரர். நாலு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, குளிப்பதில்லை, யாரோடும் பேச்சில்லை.

"நேத்து என்னைக் கூப்பிட்டு, அவன் பைக்கை என் பொண்ணு பேருக்கு மாத்தி எழுதிடணும்னான். உசுரா வெச்சிருந்த பைக்குக்கா. அதுக்கு என்ன அர்த்தம்னு டீச்சர் மூணாவது வாரமே பாடம் எடுத்துட்டாங்க. நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "அவர்கிட்ட கேட்டீங்களா?"

"தினம் கதவுகிட்ட போறேன். சாப்பிட்டியாடான்னு கேட்டுட்டுத் திரும்பிடறேன். அப்படி ஒரு நெனப்பே இல்லாதவனுக்கு நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிட்டா?"

"அப்படி ஆகாதுன்னு டீச்சர் தலப்பாடா அடிச்சுக்கறாங்களே."

"தெரியும்க்கா." கவிழ்த்த தம்ளரை எடுத்துத் திரும்பவும் கவிழ்த்தார். "அது இல்ல. அவன் ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் அவரைக் கையோடு டீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் முழுவதையும் கேட்டாள். ஒரு டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்து, "இன்னைக்கே கேளுங்க. பரீட்சை எங்கயும் ஓடிடாது. ராத்திரி அவரைத் தனியா விடாதீங்க" என்றாள். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவர் தம்பியிடம் கேட்கவில்லை. விடிய விடியத் தம்பி அறை வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்திருந்தாராம். இப்போது மனைவியை அங்கே உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். "இங்க ஒரு தடவை வாயில வந்துட்டா அங்கயும் வந்துடும்க்கா" என்றார்.

இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, மூலையில் டீச்சர். நான் என் தாளில் இருந்ததையெல்லாம் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார். மகள் பேசாமல் போனதைச் சொன்னபோது, "வீடே அமைதியா ஆயிடுச்சு இல்லீங்களா" என்றார். அதற்குமேல் போக முடியவில்லை. நெற்றி வியர்த்தது. "சாப்பிட்டீங்களா?" என்றார்.

எழுந்து போய் அந்தப் பெரிய தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. நான் பேசக் கூடாது. அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி" என்றார். "உனக்குச் செத்துப் போயிடணும்னு தோணுதா?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, தலை பாதி நரைத்தவள். என்னைப் போய்த் தம்பி என்று கூப்பிட்டார் என்று அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தாளில் இருக்கிற பதில் ஒரே வார்த்தை. நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த மனுஷன் யாருடைய பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியுமே. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை, காத்திருந்தார்.

"ஆமா" என்றேன்.

அவர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். மெல்லத் தலையை ஆட்டினார். "சொன்னியே, அதுவே பெருசு" என்றார். பிறகு எழுந்துவிட்டார்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

அவர் கேட்க வேண்டிய ஆறு கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. டீச்சர் தாளைப் பார்த்தாள். "பாதியில எழுந்தா தவறினதாத்தான் போடணும். தெரியும்ல?"

"தெரியும் டீச்சர்."

"அப்ப ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க, ஓடுங்க" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை.

அன்றைக்கு அடுத்து வந்த பெண்ணிடம் நான் நடித்த லட்சணத்தைச் சொல்லக் கூடாது. தாளில் இருந்த மகளையே மறந்துவிட்டேன். மத்தியானம் கடையில் உட்கார்ந்து ஒரு பேண்ட்டின் காலை இரண்டு தடவை தப்பாக மடித்துத் தைத்துப் பிரித்தேன். மூன்றரை மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டர் உள்ள அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கார். கொஞ்ச நாள் இங்கயே வெச்சுப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"கேட்டுட்டீங்களா?"

"உள்ள போய், கட்டில்ல பக்கத்துல உக்காந்து கேட்டேன். உங்ககிட்ட கேட்ட அதே வார்த்தை."

கையிலிருந்த பேண்ட்டைக் கீழே வைத்தேன். அவரை அவசரப்படுத்தவில்லை.

"ஆமான்னான்" என்றார்.

நான் தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக. நடிக்கும்போது எனக்கு அப்படி அழ வந்ததே இல்லை. அந்தப் பக்கம் அவரும் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் தெளிந்ததும், "வேற என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டான்க்கா. விடவே இல்ல. 'நாலு மாசமா, நீ எப்ப கேப்பேன்னு காத்துக்கிட்டுப் படுத்திருந்தேண்ணா'ன்னான்."