பதினெட்டாவது பெயர்

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, அர்லிந்தோ சலவை அறையில் இஸ்திரி மேஜைமீது ஒரு தாளை விரித்து, ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டத்துக்கான பதினெட்டு பேர் பட்டியலை எழுதினான். பதினேழு பெயர்கள் மளமளவென்று வந்தன. பதினெட்டாவதில் பேனா நின்றுவிட்டது. அங்கே வரவேண்டியது டெல்மோவின் பெயர். டெல்மோவுக்கு முப்பத்தாறு வயது. தடுப்பாட்டக்காரன். விடியற்காலையில் ஊருக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். பதினெட்டு வயதில் அர்லிந்தோவோடு ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவன். ஞாயிற்றுக்கிழமையோடு ஆட்டத்தை விடுகிறேன் என்று மோன்ட்ரால்வோ ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தான். அர்லிந்தோ பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினான்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். ஜனவரி மாதம் பழைய பயிற்சியாளரைத் துரத்திவிட்டு, கிளப் தலைவர் ஃபிர்மினோ அணியிலேயே வயதில் மூத்த அர்லிந்தோவைப் பிடித்து அந்த இடத்தில் உட்காரவைத்தார். உட்காரவைத்தார் என்பதுதான் சரி. எழுந்து நிற்க அவனுக்கு உரிமை கிடையாது. அதற்குப் பயிற்சியாளர் பட்டயம் வேண்டும். அவன் அப்போதுதான் முதல் நிலைக்குச் சேர்ந்திருந்தான். ஆகவே பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருக்கும் அபீலியோ, பதினைந்து வருஷமாகப் பட்டயத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைத்திருந்தவர், தாளில் பயிற்சியாளர் ஆனார். அர்லிந்தோ பெஞ்சிலிருந்து அவர் காதில் ஓதவேண்டும், அவர் கோட்டோரம் நின்று கத்தவேண்டும், அதுதான் ஏற்பாடு. வாத்தியார் தங்கமான மனிதர். ஆனால் கத்தத் தெரியாது. 'ஏறி நில்லுங்கடா' என்று இவன் சொன்னால், 'கொஞ்சம் முன்னாடி வரலாமே' என்று அவர் ஆட்டக்காரர்களைக் கேட்டுக்கொள்வார். இரண்டாவது வாரமே அர்லிந்தோ பொறுக்கமாட்டாமல் எழுந்து கத்தினான். நடுவர் வெளியே அனுப்பினார். நாலாவது வாரமும் அதே கதை.

அப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. ஆட்டக்காரனாக அவன் பதிவு இன்னும் ரத்தாகவில்லை. மாற்று ஆட்டக்காரன் ஒருவன் கோட்டோரம் ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளலாம். ஓடுகிறவன் நாலு வார்த்தை கத்தினால் அந்த வட்டாரத்தில் எந்த நடுவரும் கண்டுகொள்வதில்லை. அதிலிருந்து தொண்ணூறு நிமிஷமும் அவன் கோட்டோரம் போவதும் வருவதுமாக இருந்தான். சனங்களுக்கு நல்ல வேடிக்கை. "இன்னுமா வேகல? அடுப்பைப் பார்த்து ஏத்துடா!" என்று மதுக்கடைக்காரன் ஒவ்வொரு வாரமும் கூவுவான், ஒவ்வொரு வாரமும் எல்லோரும் புதிதாய்க் கேட்டதுபோல் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அணி ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வாரமும் யாராவது ஒருவன் காயத்திலோ தண்டனையிலோ இருந்ததால் பட்டியலில் அவனுக்கு ஓர் இடம் தானாகவே கிடைத்து வந்தது. இந்த வாரம் பார்த்து அத்தனை பேரும் கல்லுக்குண்டு மாதிரி வந்து நின்றார்கள்.

டெல்மோவை எடுப்பதுதான் கணக்குப்படி சரி. கால் ஓய்ந்துவிட்டது, ஐந்து ஆட்டமாகப் பெஞ்சை விட்டு எழவில்லை. நாளை மறுநாளும் அவனை இறக்கப்போவதில்லை. இறக்காத ஆளைவிடக் கத்துகிற ஆள் மேல். இதையெல்லாம் அர்லிந்தோ தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தோற்காமல் இருந்தால் போதும், கிளப் இதே பிரிவில் தங்கிவிடும். "தோக்கலைன்னா அடுத்த வருஷமும் நீதான். தோத்துட்டா கீழ்ப் பிரிவுக்கு எனக்கு வாத்தியார் ஒருத்தரே போதும்" என்று ஃபிர்மினோ முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இருபது வருஷத்தில் அர்லிந்தோ பார்த்தது பதின்மூன்று கிளப். சைப்ரஸ், ருமேனியா, அங்கோலா, நடுவில் போர்ச்சுகலில் ரயில் நிற்கிற ஊர், நிற்காத ஊர் எல்லாம். மனைவி இல்டாவுக்கு இந்த ஊர் மருந்துக்கடையில் வேலை அமைந்திருந்தது. மகள் முதல்முறையாக ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வருஷம் படித்தாள். வேறொரு வேலையும் தெரியாத மனிதனுக்கு இந்த பெஞ்சு ஒன்றுதான் இருந்தது, அதை விடுவதற்கு அவனுக்கு மனமில்லை.

தாளைக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சட்டைகளை மறுபடி பிரித்து மடித்தான். துணிகளைப் பார்த்துக்கொள்ளும் கித்தேரியோ சலவை எந்திரத்திலிருந்து காலுறைகளை அள்ளியபடி கேட்டார்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"பட்டியல்லதான் இருக்கே."

"பட்டியல்ல இல்லாததைத்தான் கேட்டேன்."

அர்லிந்தோ இன்னொரு சட்டையைப் பிரித்தான். கதவில் ஒட்டிய தாளைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? அந்தப் பதின்மூன்றில் பதினோரு கிளப்பில் தன் பெயர் இல்லாத தாளைப் படித்தவன் அவன். ருமேனியாவில் ஒருமுறை, மொழி தெரியாததால்தான் பெயர் கண்ணில் படவில்லையோ என்று மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தான். அந்தக் கதையை டெல்மோவிடம் பீர் குடித்தபடி சொல்லி, 'நான் மட்டும் பயிற்சியாளன் ஆனா, நீக்குறவனைக் கூப்பிட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்டா' என்று மேஜையில் குத்தினான். டெல்மோ சிரித்தான். 'நீ சொல்லமாட்ட. கட்சிக்காரன் மாதிரி பேசுவ, நேரம் வந்தா ஒளிஞ்சுக்குவ.'

தலை ஈரம் சொட்ட டெல்மோ சலவை அறை வாசலில் வந்து நின்றான். தோளில் துண்டு.

"டெல்மோ, வாத்தியாரால கத்த முடியாது. உனக்கே தெரியும். கடைசி ஆட்டம், நான் கோட்டோரம் இல்லைன்னா..."

"தெரியும்." துண்டால் காதைத் துடைத்துக்கொண்டான். "சரி, மிஸ்டர்."

போர்ச்சுகலில் எல்லா ஆட்டக்காரனும் தன் பயிற்சியாளனை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். ஜனவரியிலிருந்து மற்ற எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். டெல்மோ மட்டும் அதுவரை கூப்பிட்டதில்லை. சட்டை மடித்துக்கொண்டிருந்த அர்லிந்தோவுக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிரணி சபோரெல், பக்கத்து மலைக்கு அந்தப்புறம். அவர்களுக்கு ஜெயித்தால்தான் பிழைப்பு. ஊரே மைதானத்தில் இருந்தது. பன்றிக்கறி ரொட்டி சுடும் புகை கோல்கம்பம்வரை வந்தது. டெல்மோ மூன்றாவது வரிசையில், கல்யாணத்துக்குப் போடுகிற சாம்பல் நிறக் கோட்டில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கென்று ஊர்க்காரர்கள் எழுதிக்கொண்டுவந்த ஒரு துணிப் பதாகை கம்பியில் கட்டாமல் சுருட்டியபடியே கிடந்தது. அர்லிந்தோ அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட ஆரம்பித்தான்.

முதல் பாதியிலேயே மோன்ட்ரால்வோ ஒரு கோல் போட்டுவிட்டது. அர்லிந்தோ கோட்டோரம் ஓடியபடி கத்திய கத்தில்தான் விழுந்தது என்று மதுக்கடைக்காரன் உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இடைவேளைக்குச் சற்று முன் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரில் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெஞ்சிலிருந்த ஒரே தடுப்பாட்டக்காரன் உள்ளே போனான். எழுபதாவது நிமிஷம் சபோரெல் திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. அதுவே போதும், அதைக் காப்பாற்றினால் போதும். எண்பத்து நாலாவது நிமிஷம் நடுத் தடுப்பாட்டக்காரர்களில் மற்றவனும் ஈரப் புல்லில் கணுக்கால் மடங்கி விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஏற்கெனவே நாலு பேரை மாற்றியாகிவிட்டது, இன்னும் ஓர் இடம்தான் மிச்சம். பெஞ்சில் இரண்டாவது கோல்கீப்பர் இருந்தான், பந்தைத் தடுக்கவே தெரியாத ஒரு முன்கள ஆட்டக்காரன் இருந்தான். அர்லிந்தோ இருந்தான். வாத்தியார் அபீலியோ மூன்றாவது வரிசையை ஒருமுறை பார்த்தார். அதற்குத் தோதான ஆள் அங்கே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதத்தில் முதல்முறையாக வாத்தியார் யாருடைய காதோதலும் இல்லாமல் ஒரு முடிவெடுத்தார்.

"நீதான் போகணும், அர்லிந்தோ."

"என் முழங்கால் உங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியும். வேற யாரு இருக்கா சொல்லு, பதினெட்டு பேரும் நீ எழுதினதுதானே."

அர்லிந்தோ குனிந்து காலைப் பார்த்தான். அடியில் ரப்பர் வைத்த ஓட்டக் காலணி. ஆடுவதாக எண்ணமே இல்லாதவன் அடியில் குமிழ் வைத்த பூட்ஸ் எதற்குக் கொண்டுவருவான்? அவன் வாயைத் திறப்பதற்குள் கித்தேரியோ உள்ளே ஓடி ஒரு ஜோடியோடு திரும்பி வந்தார். மெழுகு பூசித் துடைத்துப் பளபளவென்றிருந்தது. பூட்ஸ் நாக்கின் உட்புறத்தில் மையால் எழுதியிருந்த பெயர் அழிந்து 'டெல்' என்பது மட்டும் மிச்சம்.

"ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. கடைசி ஆட்டத்துக்குன்னு வியாழக்கிழமையே துடைச்சு வெச்சுட்டான்" என்றார் கித்தேரியோ. "ஒரு அளவு பெருசு. இறுக்கிக் கட்டு."

பத்து பேரோடு அணி தத்தளித்துக்கொண்டிருக்க, அவன் பூட்ஸ் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டான். "அப்பாடா, கொதிச்சிருச்சுடோய்!" என்று மதுக்கடைக்காரன் கூவினான். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை.

உள்ளே போனதும் ஒன்று தெரிந்தது. இப்போது கத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆட்டக்காரன் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். ஆனால் மூச்சு வேண்டாமா? இரண்டு ஓட்டத்திலேயே மார்பு அடைத்துவிட்டது, வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. 'சீக்கோ, பின்னால வா' என்று வலப்பக்கம் ஆடுகிறவனிடம் சொல்ல நினைத்தான், 'சீ' என்று காற்றுதான் வந்தது. கோட்டோரத்தில் வாத்தியார் கைகளைப் பிசைந்துகொண்டு, "கவனமா இருங்கப்பா" என்றார். சபோரெல் வலப்பக்கமாக வந்தது, மறுபடி வலப்பக்கமாக வந்தது. வழிவிட்ட கதவில் நுழைவதுபோல் வந்தார்கள்.

அப்போதுதான் கம்பிவேலிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"சீக்கோ! எறங்குடா, எறங்கு! வலப்பக்கம் மூடு!"

சீக்கோ யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை, இறங்கினான். வருஷக்கணக்காக அந்த மைதானத்தில் கேட்ட குரல், யாருக்கும் பார்க்கவேண்டிய தேவை இல்லை. டெல்மோ கம்பியில் வயிறு அழுந்தச் சாய்ந்திருந்தான், கோட்டின் ஒரு பக்கம் வேலியில் மாட்டியிருந்தது. "எல்லாரும் ஒரே கோட்டுல! பந்தைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க!" வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்குப் பட்டயம் எதற்கு? நடுவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அணி மெதுவாக ஒரு வடிவத்துக்கு வந்தது. அர்லிந்தோவும் அந்தக் குரல் சொன்ன இடத்துக்கெல்லாம் போனான். தானே பயிற்சியாளன் என்பது அந்தச் சில நிமிஷம் அவனுக்கு நினைவிலேயே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில் சபோரெலுக்குக் கார்னர். யார் யார் எங்கே நிற்கவேண்டும் என்று அர்லிந்தோ வாரம் முழுக்கப் பலகையில் வரைந்து காட்டியிருந்தான். அதன்படி கடைசியாக உள்ளே வந்தவனுக்குக் கார்னர் பக்கத்துக் கோல்கம்பம். அங்கே போய் நின்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். சபோரெல் ஆட்டக்காரன் பந்தை வைத்துவிட்டு நாலடி பின்னால் போனான்.

"டேய் அர்லிந்தோ! அந்தக் கம்பம்! அந்தப்பக்கக் கம்பம்டா, முட்டாளே!"

தன் பலகையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டே கோல் முழுவதும் கடந்து அந்தப்பக்கக் கம்பத்துக்கு ஓடினான். பந்து எல்லோர் தலைக்கும் மேலாக வளைந்து வந்தது, ஒரு சபோரெல்காரன் தலையால் குத்தினான், அது அர்லிந்தோவின் நெஞ்சில் பட்டு, அவன் காலிலேயே விழுந்தது. டெல்மோவின் பூட்ஸால் அதை வெளியே உதைத்தான். எவ்வளவு தூரம் போனதென்று அவன் பார்க்கவில்லை, புல்லில் குப்புற விழுந்திருந்தான். விசில் சத்தம் அப்படித்தான் அவனுக்குக் கேட்டது.

ஃபிர்மினோ செருப்போடு மைதானத்துக்குள் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்தி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "நாளைக்கே கையெழுத்து! நாளைக்கே! அந்தப் பட்டயத்தையும் சீக்கிரம் முடிச்சுத் தொலை." அர்லிந்தோ தலையாட்டினான். இல்டா மகளைத் தூக்கிப் பிடித்துக் கையசைத்தாள், இவனும் அசைத்தான். அவன் கண் வேலியோரம் போனது. அங்கே அந்தச் சுருட்டிய பதாகைதான் கிடந்தது.

மற்றவர்கள் வெளியில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உடை மாற்றும் அறையில் அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கிய முழங்காலை நீட்டியிருந்தான். கதவு திறந்தது. டெல்மோ. கோட்டுப் பையில் கிழிசல், கையில் ரொட்டிக்கடையின் காகிதப்பை.

"பூட்ஸ் வேணும்" என்றான்.

"உட்காருடா."

"வண்டியில மாவு ஏத்தணும்."

அர்லிந்தோ குனிந்தான். ஈரத்தில் ஊறிய கயிறு, முடிச்சின்மேல் முடிச்சு. நகம் இறங்கவில்லை. மூஞ்சிக்கு நேராகச் சொல்லவேண்டியது, ஆனாலும் முடிச்சைப் பார்த்துத்தான் சொன்னான்.

"வெள்ளிக்கிழமையே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

"ஆமா, மிஸ்டர்" என்றான் டெல்மோ.

அவ்வளவுதான். வெளியே யாரோ பாட ஆரம்பித்தார்கள். டெல்மோ காகிதப்பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து, மாவுத்தூள் படிந்த அதன் உள்பக்கத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். அர்லிந்தோ முதல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கக் குனிந்தான்.