தொழில்முறை 'ம்'

அவள் பதினான்கு வருடம் உளவியலாளராக இருந்தவள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் கணவனுக்கு மாற்றல் வந்ததால் புது ஊருக்குக் குடிவந்தாள். லிஃப்டைக் கழற்றிப் பூட்டும் உரிமம் அவனுக்கு ஒன்பதே நாளில் கிடைத்துவிட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு நடுங்கியவர்களிடம் பேசும் உரிமம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

தொழில் உரிம அலுவலகத்தில் 'தலை சம்பந்தப்பட்ட தொழில்கள்' என்றொரு ஜன்னல். முடிதிருத்துபவர், பல் கட்டுபவர், உளவியலாளர் எல்லோருக்கும் அதுதான். உள்ளே இருந்த எழுத்தரை ஆபீசே 'முத்திரை' என்று கூப்பிட்டது. யாராவது விலாசம் எழுதிக் கொடுத்தால்கூட அதில் ஒரு சீல் குத்திவிட்டுத்தான் பையில் வைப்பாராம்.

"பட்டம் இருக்கு, நடத்தைச் சான்றிதழ் இருக்கு. இந்த ஊர்ல ஆறு மாசம் தொழில் செஞ்ச அத்தாட்சி எங்க மேடம்?"

"உரிமம் இல்லாம எப்படி சார் தொழில் செய்யறது?"

"செய்யக் கூடாது. செஞ்சா குத்தம்."

"அப்போ அத்தாட்சிக்கு எங்க போறது?"

"அது இல்லாம உரிமம் கிடையாது." முத்திரையின் முகத்தில் கேலி துளியும் இல்லை. "செவ்வாய்க்கிழமை வாங்க. ஏதாவது சுற்றறிக்கை வந்திருக்கும்."

செவ்வாய்தோறும் போனாள். மூன்றாவது வாரம் அவர் ஒரே காகிதத்தில் நான்கு தடவை சீல் குத்துவதைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான்.

'உணவு இடைவேளை' அட்டையை ஜன்னலில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். மனைவி அவரோடு பேசி நாலு மாதமாகிறதாம். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுகிறாளாம்.

"நீங்க பதில் எழுதுவீங்களா?"

"'பார்வையிடப்பட்டது'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, அங்கேயே ஒட்டிடுவேன். நடைமுறை அதுதானே?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், இதையெல்லாம் நான் கேக்கக் கூடாது. எனக்கு உரிமம் இல்ல."

"நீங்க எங்க கேக்கறீங்க? நான்தானே சொல்றேன்."

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் அந்த பெஞ்சுதான். நிறுத்தியிருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் புது ஊரில் மாதக்கணக்காக யாரும் அவளிடம் எதையும் மனம்விட்டுச் சொன்னதில்லை. காது பட்டினி கிடந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் முத்திரை முகமெல்லாம் பல்லாக வந்தார். "மேடம், நேத்து என் வீட்டுக்காரி என்னை வாய்விட்டுத் திட்டினா! அரை மணி நேரம்! நானும் கத்தினேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு உறையை நீட்டினார். "இதையும் வாங்கிக்குங்க."

உரிமமின்றித் தொழில் செய்ததற்கான நோட்டீஸ். புகார் கொடுத்தவர் அவர். சாட்சி அவர். பாதிக்கப்பட்டவர் என்ற கட்டத்திலும் அவர் பெயர்தான்.

"தப்பா நினைக்காதீங்க. எனக்குக் குணமாயிடுச்சு. உங்களாலதான் குணமாச்சுன்னு தெரிஞ்ச பிறகு ஒரு அரசு ஊழியன் சும்மா இருக்க முடியுமா?"

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவன், "அந்தாளை லிஃப்ட்ல ஏத்தி ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தட்டுமா?" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "சும்மா பேச்சுத்துணைக்கு உக்காந்தேன்னு சொல்லிடு, விட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொடுத்து விசாரணைக்கு அனுப்பினான்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு பல் மருத்துவர். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்ததும் முத்திரைதான்.

"தலையாட்டினீங்களா?"

"ஆட்டினேன்."

"'ம்' சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது சும்மா 'ம்'மா, தொழில்முறை 'ம்'மா?"

சும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அவளுக்கு நாக்கு புரளவில்லை. அந்த 'ம்' எங்கே வர வேண்டும், எங்கே வரவே கூடாது என்று கற்றுக்கொள்ள எத்தனை வருடம் ஆகியிருக்கிறது!

"தொழில்முறை 'ம்'தான் சார்."

முத்திரை தலைகுனிந்து குறித்துக்கொண்டார்.

மறுவாரம் ஆணை வந்தது. 'இவர் இவ்வூரில் ஆறு மாத காலம் உளவியல் தொழிலை இடைவிடாமலும் பலனளிக்கும் வகையிலும் செய்துவந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. வன்மையாகக் கண்டிக்கப்படுகிறார்.' கீழே மூன்று சீல்.

அதை எடுத்துக்கொண்டு போய் அலுவலக வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். எழுந்து உள்ளே போனாள், டோக்கன் எடுத்தாள், ஆணையை விண்ணப்பத்தோடு சேர்த்து ஜன்னலில் வைத்தாள். முத்திரை புரட்டிப் பார்த்தார். சீல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அத்தாட்சி சரியா இருக்கு" என்றார்.

பதினோராம் நாள் உரிமம் வந்தது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தாள். முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். பாலத்தைக் கண்டாலே கை நடுங்குகிறது என்றார், வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்றார். ஐம்பது நிமிடம் கேட்டாள். அவர் படியிறங்கிப் போன பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த செவ்வாய்க்கு அவர் பெயரை எழுதி வைத்தாள்.