பதினேழாம் பக்கத்து ஆபிரகாம்

முப்பது வருஷமாக ஊரார் நாவல்களைத் திருத்தித் திருத்தி, திர்சாவுக்குக் கண்ணும் போச்சு, பொறுமையும் போச்சு. கதையில் மகன் பட்டாளத்துக்குப் போகிறானா, போதும். அப்பன் உடனே ஆபிரகாம் ஆகிவிடுவான். கடவுள் கேட்டாரென்று பெற்ற பிள்ளையைப் பலிகொடுக்க மலையேறிய அதே ஆபிரகாம். அதே கத்தி, அதே விறகு. எவன் எழுதினாலும் இதே கூத்துதான். அலுத்துப்போய் ஒரே கோடாக அடித்துவிடுவாள்.

இஸ்ரேலின் ஹைஃபாவில் அன்றைக்கு அனல்காற்று. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நஹூம் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். அவருடைய முதல் நாவல் பதினேழாம் பக்கத்தில், ஆபிரகாம் வரிமேல் அவள் போட்ட பென்சில் கோட்டோடு, திறந்து கிடந்தது.

"என்ன நஹூம், உங்க கதையில ஆபிரகாம் கார் ஓட்டறாரா?"

"கிண்டல் பண்ணாதீங்க திர்சா. எத வேணும்னாலும் வெட்டுங்க. அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க."

"ஆளாளுக்கு எழுதிச் சப்புன்னு ஆயிடுச்சுங்க அது. பையனை முகாம்ல விடப் போறப்ப அந்த அப்பா நிஜமா என்ன பண்ணாரு? அதை எழுதுங்களேன்."

அவள் வைத்திருந்த தண்ணீரை நஹூம் முழுசாகக் குடித்து முடித்தார்.

"அந்த அப்பா நான்தான். வழியில சாப்பிட சீஸ் பூரேக்காஸ் வாங்கிக் கொடுத்தேன். அவன் தொடவே இல்ல. உடம்பு அனலாக் கொதிச்சது. 'இன்னிக்கு ஒரு நாள் வீட்ல இருக்கேனேப்பா'ன்னான். சாக்கு சொல்லாதடான்னு திட்டிட்டு வண்டிய எடுத்தேன். அன்னிக்கு சாயங்காலமே முகாம்ல குண்டு விழுந்துச்சு."

திர்சா அவர் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

"ஆபிரகாமுக்காவது கடவுள் சொன்னாரு," என்றார் நஹூம். "எனக்கு யாரு சொன்னா?"

இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் ஒளிந்துகொண்ட இடத்தைப் பிய்த்துப் போட்டோமோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரப்பரை எடுத்துத் தான் போட்ட கோட்டை அழித்தாள்.

"மலை அப்படியே இருக்கட்டும் நஹூம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, அவள் பென்சிலை வாங்கி, அந்த வரியைத் தானே அடித்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'அவனுக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும். நான் வண்டியை எடுத்தேன்.'

"சரியா வந்திருக்கான்னு பாருங்க."

திர்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் படித்தாள்.

"வந்திருக்கு," என்றாள்.