விட்டமில்லாத தூக்கு வீடு

ஒரு மருமகளின் உயிர், நாளுக்கு எட்டாயிரம் ரூபாய். மாசாணி அந்த வாடகைக்குத்தான் வீட்டைப் படக்காரர்களுக்கு விட்டாள். அதுவும் ஐயாயிரத்தில் நின்றவர்களை மோர் கொடுத்துக் கொடுத்தே மேலே ஏற்றி. வாசலில் வேம்பும் முதுகில் ஆனைமலையுமாக வீடு வேறு யாரிடம் இருந்தது? மாமியார் கொடுமை தாங்காமல் மருமகள் தூக்கில் தொங்குவதுதான் கதை என்று அவர்கள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வாசலை மட்டும் இங்கே எடுத்தார்கள். தொங்குகிற அறையைச் சென்னையில் பலகையடித்துக் கட்டிக்கொண்டார்கள்.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. மாசாணி வீடு 'தூக்கு வீடு' ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு, மாசாணியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகன் சபரிநாதனுக்கு முப்பத்து நாலு வயது. தென்னந்தோப்பு உண்டு, டிராக்டர் உண்டு. பெண் கொடுக்கத்தான் ஆளில்லை.

கடைசியில் உடுமலைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வீடு பார்க்க வந்தது. வழக்கத்துக்கு மாறாகப் பெண் கோகிலவாணியும் கூடவே வந்திருந்தாள். பத்துத் தட்டில் போண்டாவும் சட்னியும் வைத்தாயிற்று. வீடு பிடித்தால்தான் கை நனைப்பார்கள், நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி; யாரும் தொடவில்லை. பெண்ணின் தாய்மாமன் அங்கமுத்து அண்ணாந்தபடியே நின்றார்.

"ஏனுங்க, அந்த விட்டம் எங்கீங்க?"

"காங்கிரீட் வூட்டுல விட்டம் ஏதுங்க?" என்றாள் மாசாணி.

"ஓகோ, இடிச்சுப்போட்டு மேல ஊத்தீட்டீங்களாக்கும்."

"இருந்தாத்தானுங்க இடிக்க! அதெல்லாம் மெட்ராசுல எடுத்ததுங்க."

"தூக்கு வுழுந்த வூட்டுல எல்லாருமே இப்படித்தானுங்க சொல்றாங்க" என்றார் அங்கமுத்து, அப்படிப்பட்ட வீடுகளாகவே பார்த்துத் தேறியவர் போல. "போச்சாது போங்க, ஆனது ஆச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரு கருமாதி பண்ணீட்டா நாங்க கை நனைச்சுக்கறோம்."

"எந்தப் புள்ளைக்குங்க?"

"படத்துல செத்துதே, அதுக்குத்தான்."

சபரிநாதன் அம்மாவைப் பார்த்தான். தலையாட்டிவிடேன், கொஞ்ச நேரச் சடங்குதானே என்று கெஞ்சியது அந்தப் பார்வை. இவர்களும் எழுந்துபோனால் இன்னொரு கூட்டம் வராது என்று மாசாணிக்கும் தெரியும். தேங்காயில் காய்க்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம். இதில் விட்டுக்கொடுத்தால் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அந்தப் புள்ள போன வாரம் டிவில நகைக்கடை விளம்பரத்துல சிரிச்சுட்டு நின்னாளுங்க. அவளுக்கு நான் எள்ளுந் தண்ணியும் எறைக்கோணுமா? நடக்காத சாவுக்கு என் வூட்டுல கருமாதி கெடையாதுங்க. எம் பையன் கட்டாமயே இருந்தாலுஞ் செரி."

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் எழுந்தது. கோகிலவாணி மட்டும் எழவில்லை. ஒரு போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள்.

"அம்மிணி! கை நனைச்சுப்போடாத!"

"நனைச்சாச்சுங்க மாமா. பொய்க்குத் தலையாட்டாத மாமியா எனக்கு வேற எங்க கெடைக்கும்? நீங்க போய் வண்டில உக்காருங்க, நான் தின்னுட்டு வர்றேன்." பிறகு மாசாணி பக்கம் திரும்பினாள். "அத்தை, சட்னிக்கு உப்புப் பத்தலீங்க."

"வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டயா கண்ணு?" என்று உப்புக் கிண்ணத்தை நகர்த்தினாள் மாசாணி.

வண்டி போன பிறகு தட்டுகளை எடுத்து அடுக்கினாள். ஒன்பது வைத்தது வைத்தபடி; ஒன்று வழித்துக் காலி. செலவு ஒன்பது தட்டுப் போண்டா, வரவு ஒரு மருமகள். அங்கமுத்துவின் மன்னிப்பு மட்டும் பாக்கி. அதை முகூர்த்தத்தன்று வட்டியோடு வாங்கிக்கொள்ளலாம்.