விசிறி ஓடும் குரல்

...அந்த விசிறியை நிறுத்தும்மா, சத்தம் விழுது என்று மகள் உள்ளறையிலிருந்து கத்தினாள், போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, கைப்பேசியை வாயருகே பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள், இவள் பாத்திரம் தேய்த்த கையோடு, இதோ வரேன் என்றாள், அவ்வளவுதான், அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை... அடுத்த வாரம் காய்ச்சல், அதற்கடுத்த வாரம் பிள்ளை இல்லை. வார்த்தைகளெல்லாம் சிட்டுவுக்காக. பள்ளியில் இவள் துணை ஆசிரியையாகப் பக்கத்தில் உட்காரும் பெண், வாயால் பேச்சு வராது, கையிலிருக்கும் பலகையில் படங்களைத் தொட்டால் அது பேசும். அதிலிருந்த குரல், வங்கியில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி இருக்கு, என் வயசுப் பிள்ளைக்கு அது எதுக்கு என்று மகளே முன்வந்தாள். யாரும் கேட்காமலே 'போடா லூசு' என்பதையும் சேர்த்தாள், திட்டத் தெரியாம ஸ்கூல்ல எப்படிம்மா காலம் தள்ளுவா?

சிட்டு வளர்ந்துவிட்டாள், குரல் வளரவில்லை. வகுப்பில் விசிறி நின்றிருக்கும், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் ஒரு விசிறி ஓடும், எந்த அறைக் காற்று அது? மகள் ஒருபோதும் சொல்லாததையெல்லாம் மகள் சொல்கிறாள், இன்னிக்கு என் பல் விழுந்துச்சு, எனக்கு மழை பிடிக்கும்... நேற்று 'எனக்குக் குளிருது' என்றபோது இவள் போர்வை தேடி எழுந்துவிட்டாள், சிட்டு தன் ஸ்வெட்டரைக் காட்டினாள். எல்லாரும் போனபின் ஒரே ஒரு வார்த்தையைத் தொட்டுப் பார்த்தால் என்ன? கூடாது. பலகை சிட்டுவின் வாய், கேட்காமல் யாரும் தொடக் கூடாது, வகுப்புக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான்.

இன்று பேச்சுப் பயிற்சியாளர் வந்து, பெரிய பெண்ணுக்கு ஏற்ற வேறொரு குரலைப் பலகையில் ஏற்றினார், இளைஞர், சிட்டுவிடம் தினமும் 'போடா லூசு' வாங்குகிறவர். "அக்கா, உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். ஆனா அவதான் சொல்லணும். நீங்களே கேளுங்க, உங்ககிட்டதான் அவ நிஜத்தைச் சொல்லுவா." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பழையது ஒருமுறை, புதியது ஒருமுறை, இரண்டும் ஒலித்தன. "சிட்டு, உனக்கு எது வேணும்?" கேட்டாயிற்று, இனி வாயைத் திறக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, கண்ணால்கூடக் காட்டக் கூடாது, இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலையே இந்தக் காத்திருத்தல்தான், ஆனால் தன் கண் எங்கே போகிறது, பழைய குரலின் படத்துக்கா போகிறது? வேண்டாமென்றால் நாளை முதல் எங்கே போய்க் கேட்பது, போர்வைக்குள்ளிருந்து வரும் அந்த மூச்சை... சிட்டுவின் விரல் இரண்டிலும் படவில்லை. சிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"உனக்கு. எது. பிடிக்கும்."

தொட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள், அவசரப்படுத்தாமல், கண்ணால்கூடக் காட்டாமல், இவளிடமிருந்து கற்ற அதே விதமாக. கேட்டது யார்? யாருக்குப் பதில் சொல்வது? சிட்டு பொறுமையாக மறுபடி அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தொட்டாள், பிடிக்கும் என்றது மகளின் குரல், விசிறி ஓடியது, எப்போதும்போல அந்த வார்த்தையின் வால் நுனியில், தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் சொன்னாள், இதோ வரேன்.